கார் முன்பக்கத்தில் 'டக் டக்' சத்தம்: எதை வீட்டிலேயே மாற்றலாம், எதைத் தொடவே கூடாது?

வெள்ளறடையைத் தாண்டி, குடப்பனமூடு வழியாக அம்பூரிக்கு ஏறும் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு கார் ஓட்டினால் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, ரப்பர் தோட்டத்துச் சில்வண்டு. இன்னொன்று, உங்கள் காரின் முன்பக்கம்.

போன ஓணம் லீவுக்கு சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பாறசாலை ரயில் நிலையத்தில் இருந்து அவருடைய 11 வயது ஹேட்ச்பேக்கில்தான் ஏறினேன். ஓடோமீட்டர் 90,000 கி.மீ.-ஐத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் இடது முன் சக்கரம் பக்கம் 'டக் டக்' என்று சத்தம். கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல மக்கா, நம்ம ரோடு அப்படி" என்றார்.

மறுநாள் காலை முற்றத்தில் காரைத் தூக்கிப் பார்த்தோம். சத்தம் போட்டது லிங்க் ராடு என்ற சின்ன கம்பி. அது உடைந்தாலும் கார் ஓடும். ஆனால் அதில் இருந்து ஒரு அடி தள்ளி, கொஞ்சமும் சத்தம் இல்லாமல், ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வடிந்து, உள்ளே மழைத் தண்ணீர் புகுந்த நிலையில் இன்னொரு பாகம் இருந்தது. அதன் பெயர் பால் ஜாயின்ட். ஓடும்போது அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். அந்தக் காரில்தான் சித்தப்பா தினமும் பேத்தியை ஸ்கூலில் விட்டு வருகிறார்.

காரின் முன் சஸ்பென்ஷனை வீட்டில் பார்க்க நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அதிகம் சத்தம் போடும் பாகம்தான் அதிகம் ஆபத்தானது என்று நினைக்க முடியாது. சத்தத்தை மட்டும் துரத்தினால், அதை நிறுத்திவிட்டு ஆபத்தை அப்படியே விட்டுவிடுவோம்.

எதை எப்படிச் சோதிப்பது, எதை நாமே மாற்றலாம், எந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முன் சஸ்பென்ஷனில் என்னென்ன இருக்கிறது?

இன்று இந்தியாவில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்க பொறியாளர் 1940-களில் உருவாக்கியது. 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் பயன்பாட்டுக்கு வந்தது. நம் ஊர் சாலைகளில் அம்பாசடர் முன்பக்கத்தில் டார்ஷன் பாருடன் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த ஸ்ட்ரட் அமைப்போடு வந்தது. பாகங்கள் குறைவு, இடம் குறைவு, விலை குறைவு. அதனால் நிலைத்துவிட்டது.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை ஐந்து.

ஸ்ட்ரட்: ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண். நம் ஊரில் பலரும் 'ஷாக் அப்சர்வர்' என்று சொல்வது இதைத்தான். காரின் முன்பக்க எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் ஷாக் அப்சார்பர் அடக்குகிறது.

லோயர் ஆர்ம்: சக்கரத்தின் அடிப்பகுதியை காரின் உடலோடு இணைக்கும் இரும்புக் கை. உள் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கும்.

பால் ஜாயின்ட்: லோயர் ஆர்மின் வெளி முனையில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு. நம் தோள்பட்டை மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும். இந்த அமைப்பில் இது காரின் எடையைச் சுமப்பதில்லை. சக்கரத்தின் அடிப்பகுதி வெளியே போகாமல் பிடித்துவைப்பதே இதன் வேலை.

டை ராட் எண்ட்: ஸ்டீயரிங்கின் அசைவை சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு.

லிங்க் ராடு: வளைவில் கார் ஒரு பக்கம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்ன கம்பி.

இவை ஏன் தேய்கின்றன?

ஒரு எளிய கணக்கு. 155/80 ஆர்13 அளவு டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 550 சுற்று. சித்தப்பாவின் கார் ஓடிய 90,000 கி.மீ.-க்கு கிட்டத்தட்ட 5 கோடி சுற்று. சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் இந்த மூட்டுகள் வழியாகத்தான் காருக்குள் வருகிறது.

ஆனால் பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும் வெறும் தேய்மானத்தால் மட்டும் சாவதில்லை. அவற்றின் மேல் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. அது கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறும், சேறும் தண்ணீரும் உள்ளே போகும். அதன் பிறகு அந்த மூட்டு தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் அம்பூரி மாதிரி மலையடிவாரத்தில் இதற்கு ரொம்ப நாள் ஆகாது. அதனால் வயதான காரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன ரப்பர் உறையைத்தான்.

காரை எப்படித் தூக்குவது?

இந்த வேலையில் உயிரைப் பறிக்கக்கூடிய தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. அதனால் சோதனைக்கு முன்பே இதைப் பேசிவிடலாம்.

காரோடு வரும் ஸ்டெப்னி ஜாக்கி, டயர் மாற்ற மட்டும். அதை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான். அதன் வேலை தூக்குவது, தாங்குவது இல்லை. தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வேண்டும். அதில் எழுதியிருக்கும் எடை அளவு உங்கள் காருக்குப் போதுமா என்று பாருங்கள்.

இடம் சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். சிமென்ட் தரை நல்லது. மலைப்பக்கத்து வீடுகளில் முற்றம் பெரும்பாலும் சரிவாகவோ செம்மண்ணாகவோ இருக்கும். மழை பெய்த செம்மண்ணில் ஸ்டாண்டின் கால் மெதுவாகப் புதையும். சரிவான இடத்தில் இந்த வேலையே வேண்டாம். சமமான மண் தரைதான் இருக்கிறது என்றால், ஸ்டாண்டுக்கு அடியில் கெட்டியான தடித்த பலகை போட வேண்டும்.

செங்கல், ஹாலோ பிளாக், வெட்டுக்கல் எதையும் காருக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. "இவ்வளவு நாளா இதைத்தான் வெச்சோம்" என்று யாராவது சொல்வார்கள். கல் எச்சரிக்கை தராமல் பிளக்கும்.

வரிசை இதுதான்:

1. கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுக்கவும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும்.
2. வீல் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று மட்டும் இளக்கவும்.
3. ஓனர் மேனுவலில் காட்டியிருக்கும் ஜாக்கி பாயின்ட்டில் தூக்கவும்.
4. இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் வைத்து, காரை அதன்மேல் இறக்கவும்.
5. கழற்றிய சக்கரத்தை காரின் பக்கவாட்டு விளிம்புக்கு அடியில் படுக்க வைக்கவும். ஸ்டாண்ட் நழுவினாலும் கார் அதன்மேல்தான் விழும்.
6. உள்ளே கை விடும் முன், காரை இரண்டு கைகளாலும் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும்.

வீட்டில் ஒருவராவது நீங்கள் அடியில் இருப்பது தெரிந்து, கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எந்த பாகம் போயிருக்கிறது? ஐந்து சோதனைகள்

முதல் சோதனைக்கு காரைத் தூக்கவே தேவையில்லை. பானெட்டின் ஒரு மூலையை பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழுந்து நின்றால் ஷாக் அப்சார்பர் பரவாயில்லை. இரண்டு, மூன்று தடவை ஆடினால் போய்விட்டது. ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் வடிந்து தூசி படிந்திருந்தாலும் அதே அர்த்தம்தான்.

இரண்டாவது, டயரைப் பாருங்கள். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் விலகியிருக்கிறது, அல்லது ஏதோ மூட்டு தளர்ந்திருக்கிறது.

மூன்றாவது, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, சக்கரத்தைக் கழற்றாமல், கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். லேசான 'டக்' உணர்வு இருந்தால் டை ராட் எண்டை சந்தேகப்படலாம். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் அந்த மூட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

நான்காவது, 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்காகவோ பால் ஜாயின்ட்டாகவோ இருக்கலாம். எது என்று பிரிக்க ஒரு வழி: காருக்குள் ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இன்னும் உறுதி வேண்டும் என்றால், டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். லோயர் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி திறந்து மூடினால் சந்தேகமே வேண்டாம்.

ஐந்தாவது, லிங்க் ராடைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். தேய்ந்த லிங்க் கலகலவென்று ஆடும். மெதுவாக ஓட்டும்போது சின்னச் சின்னக் குழிகளில் வரும் 'டக் டக்' சத்தத்துக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பால் ஜாயின்ட்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் தெரிந்தால், அதை மாற்றும் வரை காரை எடுக்காதீர்கள். "பக்கத்து வொர்க்‌ஷாப் வரைக்கும்தானே" என்பதும் வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

எதை நாமே மாற்றலாம்?

லிங்க் ராடு: தாராளமாக. இரண்டு நட்டுகள்தான். முதல் முறை செய்பவர் இதில் தொடங்கலாம்.

டை ராட் எண்ட்: ஓரளவு அனுபவம் இருந்தால். ஆனால் முடித்த கையோடு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட்: டார்க் ரெஞ்ச், சரியான கருவிகள், துருப்பிடிக்காத போல்ட்டுகள், கூட ஒரு ஆள் எல்லாம் இருந்தால் மட்டும்.

புஷ் மட்டும் மாற்றுவது: ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். வொர்க்‌ஷாப் வேலை.

ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்பிரிங்கைக் கழற்றுவது: வீட்டில் வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

லிங்க் ராடு: தொடங்குவதற்கு சரியான வேலை

இரண்டு முன் சக்கரங்களும் ஒரே உயரத்தில் தூக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் தூக்கியிருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டைக் கழற்றும்போது துள்ளும், புதியதை மாட்டும்போது ஓட்டை நேராக வராது.

முந்தைய நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். மறுநாள் மரைகளை கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு ஸ்பேனர் போடுங்கள். நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் மூட்டும் சேர்ந்து சுற்றும். அதற்காகவே அதன் நுனியில் ஆலன் கீ நுழையும் குழியோ, பின்பக்கம் ஸ்பேனர் பிடிக்கும் தட்டையான இடமோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்று தேய்ந்திருந்தால் மற்றது ரொம்பப் பின்னால் இருக்காது.

எங்களுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து காலை காபியில் இருந்து மதியச் சாப்பாடு வரை ஆனது. அதில் பாதி நேரம் ஒரே ஒரு துருப்பிடித்த நட்டுக்குப் போனது.

டை ராட் எண்ட், லோயர் ஆர்ம்: எங்கே தவறு நடக்கும்?

டை ராட் எண்டைக் கழற்றும் முன், லாக் நட்டு இருக்கும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். பிறகு எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். ஒரு சுற்று தவறினால்கூட சக்கரத்தின் கோணம் அரை டிகிரிக்கு மேல் விலகலாம்.

இந்த மூட்டு கூம்பு வடிவத் துளையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். மரை நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை நாசமாகும். அதைக் கழற்றவென்றே புல்லர் இருக்கிறது. வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். காடி வெட்டிய நட்டும் ஸ்பிளிட் பின்னும் இருந்தால், பின் எப்போதும் புதியதாக இருக்க வேண்டும். துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும். இளக்கி நேராக்கக் கூடாது.

பல சின்ன கார்களில் பால் ஜாயின்ட் தனியாகக் கிடைக்காது, லோயர் ஆர்மோடு சேர்த்தே வரும். அதன் தண்டை ஒரு கிளாம்ப் போல்ட் பிடித்திருக்கும். தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போவதால்தான் தண்டு கீழே நழுவாமல் நிற்கிறது. எனவே கழற்றும்போது போல்ட்டை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். மாட்டும்போது தண்டு முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டைச் செருக வேண்டும். அரைகுறையாக மாட்டினால் இறுக்கமாக இருப்பது போலவே தெரியும், ஏதோ ஒரு பள்ளத்தில் கழன்று வரும்.

ஆர்மைக் கழற்றிய பிறகு சக்கரம் மாட்டும் பகுதியை வெளியே இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்ட் உள் மூட்டில் இருந்து கழன்று வரக்கூடும். பிரேக் ஹோஸ் இழுபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நானே செய்த தவறு. சில வருடங்களுக்கு முன் என் காரில் லோயர் ஆர்ம் மாற்றியபோது, சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கினேன். காரைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே எழும்ப, ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. சில மாதங்களில் கிழிந்துவிட்டது. காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் இந்த போல்ட்டுகளின் கடைசி இறுக்கம். பலரும் தவறவிடும் விஷயம் இது.

லோயர் ஆர்ம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 2018-ல் ஃபோர்டு இந்தியா, தன் சென்னை ஆலையில் தயாரான 4,000-க்கும் மேற்பட்ட ஈகோஸ்போர்ட் கார்களைத் திரும்ப அழைத்தது. முன் லோயர் ஆர்மின் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக. ஸ்டீயரிங் கட்டுப்பாடு பாதிக்கப்படலாம் என்பது காரணம். கார் செய்தவர்களே வெல்டிங்கை இரண்டாவது முறை பார்க்கிறார்கள் என்றால், வீட்டில் செய்யும் நாம் ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை பார்ப்பதில் வெட்கம் இல்லை.

ஸ்பிரிங்கை ஏன் தொடக்கூடாது?

ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் ஒரே ஒரு நட்டுதான் அழுத்தி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தோராயமாக ஒரு கணக்கு. ஒரு மில்லிமீட்டர் அழுத்த 20 நியூட்டன் தேவைப்படும் ஸ்பிரிங்கை, கழற்றுவதற்காக 15 செ.மீ. அழுத்துகிறோம் என்று வையுங்கள். அது திருப்பித் தள்ளும் விசை 3,000 நியூட்டன், அதாவது 300 கிலோவுக்கு மேல். உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல் 225 ஜூல். 25 கிலோ அரிசி மூட்டை இடுப்பு உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். மூட்டையாவது கீழ்நோக்கித்தான் விழும். ஸ்பிரிங் எந்தத் திசையில் பாயும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் அதன்மேல் குனிந்திருக்கும் முகத்தை நோக்கித்தான் இருக்கும்.

காரை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்தாலும் இந்த அழுத்தம் முழுதாகப் போய்விடாது. மலிவான கொக்கி வகை ஸ்பிரிங் கம்ப்ரஸர் வழுக்கினால் யோசிக்க நேரம் இருக்காது. ஷாக் அப்சார்பர் மாற்றத்தான் வேண்டும் என்றால், ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி வொர்க்‌ஷாப்பில் கொடுத்து, ஸ்பிரிங் மாற்றி வாங்கி வந்து மாட்டலாம். அப்போதும் பானெட்டுக்கு அடியில் தெரியும் நடு நட்டைத் தொடாதீர்கள். அதைச் சுற்றி இருக்கும் சின்ன நட்டுகளை மட்டுமே கழற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

'நல்லா டைட் பண்ணிட்டேன்' என்றால் எவ்வளவு?

சின்ன கார்களின் வீல் நட்டுக்கு பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை கேட்பார்கள். 100 நியூட்டன் மீட்டர் என்பது 40 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 25 கிலோ அழுத்தம். கையின் உணர்வால் இதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. டார்க் ரெஞ்ச் வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். சஸ்பென்ஷன் போல்ட்டுகளின் அளவு ஒவ்வொரு காருக்கும் மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதே சரி. அந்த அளவு கிடைக்கவில்லை என்றால் அந்த வேலையை எடுக்க வேண்டாம்.

நைலான் வளையம் உள்ள லாக் நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதியது போடுங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 50, 100 கி.மீ. ஓட்டிய பிறகு கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், எது தளர்ந்தது என்று தெரிந்துவிடும்.

வேலை முடிந்தது. அலைன்மென்ட் கட்டாயமா?

லிங்க் மட்டும் மாற்றினால் தேவையில்லை. மற்ற எதை மாற்றினாலும் கட்டாயம். ஒரு சக்கரம் நேர்கோட்டில் இருந்து 1 டிகிரி விலகினால், அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிற கணக்கு. ஆயிரம் கி.மீ.-க்கு 17 கி.மீ. புது டயர் வாங்கும் காசோடு ஒப்பிட்டால் அலைன்மென்ட் செலவு ஒன்றுமே இல்லை. முன், பின் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பேர்ஸ் எங்கே, எப்படி வாங்குவது?

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் வந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. எல்லை வீட்டுக்கு நடுவில் போனாலும் ஸ்பேர்ஸ் பெயர்கள் மட்டும் பிரியவில்லை. மார்த்தாண்டத்தில் கேட்டாலும் நெய்யாற்றின்கரையில் கேட்டாலும் பால் ஜாயின்ட், பால் ஜாயின்ட்தான். கார் கம்பெனி பெயரில் வரும் பாகம்தான் வேண்டும் என்றில்லை. சென்னையின் ரானே மெட்ராஸ் போன்ற நிறுவனங்கள் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளைத் தயாரிக்கின்றன.

பார்க்க வேண்டியவை: பாக நம்பர், சீல் உடையாத பெட்டி, ஜி.எஸ்.டி. பில். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். பழைய 28 சதவீதத்தில் பில் போட்டால் கேளுங்கள். புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தைகளில் கதவுக் கைப்பிடியோ விளக்கோ வாங்கலாம். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் வாங்காதீர்கள். அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

உதிரி பாகம் வெளியில் கிடைப்பதே ஒரு சண்டைக்குப் பிறகுதான். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களுக்கு வெளியே பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தராமல் வைத்திருந்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மட்டும் வாரன்டியை முழுதாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய 'பழுது பார்க்கும் உரிமை' இணையதளத்திலும் வாகனங்கள் ஒரு பிரிவு.

ஆனாலும் கார் வாரன்டியில் இருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள். வேலையில் தவறு நடந்தால் அதை நிரூபிக்கும் வாதத்தில் நீங்கள்தான் மாட்டுவீர்கள். வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசியும் தேய்மானத்துக்குப் பணம் தராது.

சட்டம் என்ன சொல்கிறது?

அதே அளவு, அதே வகை பாகத்தை மாற்றுவதில் பிரச்னை இல்லை. காரைத் தாழ்த்துவது, உயர்த்துவது வேறு கதை. தயாரிப்பாளரின் அசல் அமைப்பை மாற்றும் வகையில் வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு போனதே கேரளத்தில் இருந்துதான்.

அம்பூரியில் என்ன செய்தோம்?

இரண்டு லிங்க் ராடுகளையும் நாங்களே மாற்றினோம். சத்தம் நின்றது. சித்தப்பா ஒரு ரவுண்டு போய்ப் பார்க்க சாவியை எடுத்தார். கொடுக்கவில்லை.

பால் ஜாயின்ட்டைப் பிடித்த கிளாம்ப் போல்ட் துருவில் ஒட்டிப் போயிருந்தது. இழுத்து உடைத்திருந்தால் கார் முற்றத்திலேயே கிடக்கும். எங்களிடம் அதற்கான கருவியும் இல்லை. வெள்ளறடையில் இருந்து மெக்கானிக் அண்ணனை வரச் சொன்னோம். பாதி கிழிந்த உறையைப் பார்த்தவர், கடப்பாரையை வைத்து ஒரு நெம்பு நெம்பினார். "இதோடயா மலை ஏறி வந்தீங்க?" என்றார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் இரண்டு பக்கமும் புதிய லோயர் ஆர்ம் வந்தது. மார்த்தாண்டத்தில் அலைன்மென்ட் பார்த்தோம்.

இப்போது டயரில் காற்று அடிக்கும் நாளில் சித்தப்பா ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து அந்த ரப்பர் உறைகளைப் பார்க்கிறார். காரைத் தூக்க வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். இந்தக் கட்டுரையில் சொன்ன வேலை எதையும் நீங்கள் செய்யப் போவதில்லை என்றாலும், இதை மட்டும் இந்த வாரம் செய்து பாருங்கள்.